பெட்டி எங்களிடம், மிக்சர் அவர்களிடம்

மார்ச் 3, செவ்வாய்

வரலாற்று வகுப்பில் கட்டுரைத் தலைப்புகளுக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். எனக்கு வந்தது: 'போருக்குப் பின் பிரான்சும் ஜேர்மனியும் சமாதானமானதும், அதிலிருந்து ஐரோப்பா ஒன்றுசேர்ந்ததும்.' லக்ஷன் எட்டிப் பார்த்துவிட்டு, "பாவம் நீ" என்றான். பாவமா? எழுபது வருடத்துக்குள் மூன்று போர்கள், மூன்றிலும் இதே இரண்டு நாடுகள். கடைசிப் போர் முடிந்து ஐந்தே வருடத்தில் ஒரு திட்டத்துக்குச் சம்மதிக்கிறார்கள். என்னண்டு முடிந்தது? நூலகத்தில் நான்கு தடித்த புத்தகங்கள் எடுத்தேன். பையின் வார் அறுந்துவிட்டது.

மார்ச் 7, சனி

எங்கள் சங்கத்தின் கலைவிழா மே 9 என்று அப்பா சொன்னார். உடனே என் சிநேகிதி வினோஜாவுக்கு எழுதினேன். அவர்களுடைய சங்கத்தின் விழாவும் மே 9. இந்த வருடமும் நாங்கள் ஒரே மேடையில் விவாதம் செய்ய முடியாது.

ஆறு வருடத்துக்கு முன் சங்கம் ஒன்றுதான். அழைப்பிதழில் யார் பெயர் முதலில் வருவது என்று அப்பாவும் வினோஜாவின் அப்பா சிவநேசம் மாமாவும் சண்டை பிடித்தார்கள். சங்கம் இரண்டாகியது. இருவரும் துறைமுகத்தில் ஒரே கிடங்கில் வேலை. ஒரே அறையில் சாப்பிடுகிறார்கள், ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு.

ஆனால் மே 9! 1950இல் அதே நாளில்தான் பிரான்ஸ் அந்தத் திட்டத்தை அறிவித்தது. நாட்காட்டியில் வட்டம் போட்டேன்.

மார்ச் 14, சனி

இதை உடனே எழுதவேண்டும்.

நிலவறையில் அம்மா உடுப்பு மடிக்கும் 'மேசை'யில் இருந்த போர்வை இன்று வழுக்கி விழுந்தது. அது மேசையே இல்லை. இரண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டிகள்!

"அப்பா, உது இருக்கேக்கை ஏன் ஒவ்வொரு வருசமும் வாடகைக்கு எடுக்கிறீங்கள்?"

"பெட்டி மட்டும்தானே எங்களிட்டை. சத்தம் கூட்டிக் குறைக்கிற மிக்சர் அவையளிட்டை."

"ஏன் அப்பிடிப் பிரிச்சனீங்கள்?"

"ஆளுக்குச் சரிபாதி. ஒருத்தரும் குறை சொல்லேலாது."

பெட்டியில்லாத மிக்சரும் மிக்சரில்லாத பெட்டியும்! மேலே ஓடிப்போய் வரைபடத்தை விரித்தேன். பிரான்சின் லொரேனில் இரும்புத்தாது. ஜேர்மனியின் ரூரில் நிலக்கரி. ஒன்றில்லாமல் மற்றதால் உருக்குச் செய்ய முடியாது. பீரங்கியும் அந்த உருக்கில்தான். அதனால் இரண்டையும் ஒரு பொது அதிகாரசபையின் கீழ் வைத்தார்கள்.

எங்கள் நிலவறையில் லொரேன் இருக்கிறது.

மார்ச் 15, ஞாயிறு

அப்பாவுக்கு என் கட்டுரையில் இரண்டு பக்கம் வாசித்தேன். மன்னிப்பு, நல்லிணக்கம், இரு தலைவர்கள் ஒரு தேவாலயத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்றது எல்லாம்.

"அவங்கள் நாட்டுக்குச் சண்டை பிடிச்சவங்கள், பிள்ளை. இது மரியாதைப் பிரச்சினை."

பிறகு: "சரி, ஆர் முதல் மன்னிப்புக் கேக்கிறது?"

நான் தாள்களை மடித்துக்கொண்டு மேலே போனேன்.

மார்ச் 16

அப்பாவைச் சமாதானத்துக்குக் கொண்டுவரும் முயற்சி குழம்பிவிட்டது. எல்லாம் என் அவசரம்.

மார்ச் 19, வியாழன்

வரலாற்று ஆசிரியை மதாம் தெலிஸ் என் கட்டுரையில் ஒரு இடத்தில் கோடு போட்டிருந்தார். தேவாலயம் 1962. நிலக்கரி ஒப்பந்தம் 1951. "நீ வரிசையை மாற்றிவிட்டாய். அவர்கள் நட்பில் தொடங்கவில்லை, நிலக்கரியில் தொடங்கினார்கள்."

நானும் அப்பாவிடம் தேவாலயத்தில் அல்லவா தொடங்கினேன்! மன்னிப்புப் பற்றி இனி ஒரு சொல்லும் இல்லை. சத்தம் மட்டும்: பெட்டியையும் மிக்சரையும் ஒன்றுசேர்ப்பது. வினோஜாவுக்கும் சொல்லிவிட்டேன்.

மார்ச் 22, ஞாயிறு

வினோஜா தன் அப்பாவிடம் கேட்டாளாம். சிவநேசம் மாமா சிரிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. "அந்தப் பெட்டி இன்னும் வேலை செய்யுதாமோ?" என்று மட்டும் கேட்டாராம். அப்பாவிடம் சொன்னேன். அவர் தேத்தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, "மிக்சரிலை மூண்டாவது பொத்தான் இறுகிப் போயிருக்கும். எண்ணெய் போடச் சொல்லு" என்றார்.

மார்ச் 28, சனி

பெரிய சிக்கல். விழா இரண்டு, நாள் ஒன்று, சத்தம் ஒன்று! விழா நாளை மாற்ற இருவரும் தயாரில்லை. அந்தப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு பாலம் தாண்டி அவர்களின் மண்டபத்துக்கு ஓடவும் முடியாது. அப்படியென்றால்... ஒரே மண்டபம்? காலை ஒருவர், மாலை ஒருவர்? நிலக்கரியைச் சேர்த்தவர்கள் பிறகு ஒவ்வொன்றாய் மற்றதையும் சேர்க்க வேண்டி வந்ததே, இப்படித்தானா?

ஏப்ரல் 17, வெள்ளி

எங்களுக்குப் பள்ளி விடுமுறை. பேச்சுவார்த்தை ஜெகதீஸ்வரி அன்ரியின் கார்டெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில். இரண்டு சங்கத்துப் பிள்ளைகளையும் அவர்தான் பகலில் பார்த்துக்கொள்கிறார். எந்தப் பக்கமும் இல்லாதவர். அந்தப் பொது அதிகாரசபையை வைத்த சிறிய நாடுபோல, எங்களுடைய லக்சம்பேர்க்.

பன்னிரண்டு குழந்தைகள் பாயில் நித்திரை. அப்பாவும் மாமாவும் குட்டிக் கதிரைகளில், முழங்கால் நாடியில் முட்ட. ஒருவரோடொருவர் கதைக்கவில்லை, அன்ரியிடம்தான்.

"பின்னேரம் எங்களுக்கு வேணும் எண்டு சொல்லுங்கோ," அப்பா.

"அது நடவாதெண்டு சொல்லுங்கோ," மாமா. கொஞ்சம் சத்தமாக.

"ஆராவது ஒரு பிள்ளை எழும்பிச்சுதோ, அதை நீங்கள்தான் ராராட்டி நித்திரையாக்க வேணும்," என்றார் அன்ரி.

மிச்சச் சண்டை முழுவதும் கிசுகிசுப்பில் நடந்தது. கிசுகிசுத்துக்கொண்டு அதிக நேரம் கோபமாக இருக்க முடியாது போலும். முடிவு: லவால் நகரில் ஒரு பொது மண்டபம். இம்முறை காலை எங்களுக்கு, அடுத்த முறை மாறும். சாமான்கள் இனி அன்ரியின் நிலவறையில். சாவி அவரிடம்.

வெளியே வந்து நானும் வினோஜாவும் மெத்ரோ ரயில் நிலையம் வரை துள்ளிக்கொண்டே போனோம்.

மே 4

கட்டுரைக்கு 91. வரிசையைத் திருத்தியிருந்தேன்.

மே 9, சனி

எங்கள் விழா முடிந்தது, அவர்களுடையது தொடங்கவில்லை. கதிரைகள் பாதி காலி. மிக்சருக்கு முன்னால் மாமா. மேடையடியில் பெட்டியில் காதை வைத்தபடி அப்பா.

"ஆராவது மைக்கிலை கதையுங்கோ, சத்தம் பாக்க," என்றார் மாமா.

நானும் வினோஜாவும் ஒருவரையொருவர் பார்த்தோம். மேடையில் ஏறிவிட்டோம். 'சமாதானத்துக்கு முதலில் வேண்டியது மன்னிப்பா, பொதுவேலையா?' வினோஜா மன்னிப்பு. நான் பொதுவேலை. ஆறு வருடத்துக்குப் பிறகு எங்கள் முதல் விவாதம்! சபையில் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்த இருபது பேர். அவள் மிக நன்றாகப் பேசினாள். எரிச்சலாகக்கூட இருந்தது.

நடுவில் அப்பாவும் மாமாவும், அன்ரி இல்லாமல், நேராக:

"அடிச்சத்தம் கூடிப் போச்சு. குறை."

"குறைச்சாச்சு."

"இன்னும் குறை, சிவம்."

நான் சொல்லவந்ததை மறந்துவிட்டேன். வினோஜாவும் நிறுத்திவிட்டாள். "ஏன் நிப்பாட்டினீங்கள்? கதையுங்கோ," என்றார்கள் இருவரும்.

மே 16, சனி

அம்மா காலையிலிருந்து ஏசுகிறார். கூடை நிறைய உடுப்பு, மடிக்க இடமில்லை.

"பெட்டியைக் குடுத்திட்டு வந்திட்டார். இனி நான் எங்கை வைக்கிறது?"

"மேசை ஒண்டு வாங்குவம்," என்றார் அப்பா. "சாமான் ஏத்தச் சிவத்திட்டை வான் இருக்கு."