விளக்கு போடாத கண்ணாடிச் சுவர்

என் மகராசருக்கு, நான் நலம். உங்கள் முட்டிவலி தேவலையா? சொல்ல வெட்கமாக இருக்கிறது, நேற்று துடைப்பத்தைக் கட்டிக்கொண்டு ஆடினேன்.

நான் ராத்திரியில் துடைக்கும் ஆபீஸில் விளக்கை அணைத்தால், தெருவில் நிற்பவர்களுக்குக் கண்ணாடிச் சுவர் முகம் பார்க்கும் கண்ணாடி ஆகிவிடும். அதைப் பார்த்துத்தான் நாலு பெண்பிள்ளைகள் ஆடிப் பழகுகிறார்கள். அவர்களுக்காக இருட்டிலேயே துடைக்கிறேன். நேற்று ஒருத்தி விழுந்துவிட்டாள். உள்ளே நான் நிற்பது தெரியாமல் கண்ணாடியருகே வந்து அழுதாள். நம் சின்னவள் வயசு. கண்ணாடியைத் தடவிக்கொடுத்தேன். அவளோ கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஆடினாள். கூடவே நானும் ஆடிவிட்டேன்.

“தெருவுல ஆடுறவளை எவன் கட்டுவான்?” என்று சொல்லி நீங்கள் ஒளித்துவைத்த சின்னவளின் ஆடுகிற ஷூவைக் கொடுத்துவிடுங்கள். உங்கள் தம்பி கல்யாணத்தில் நீங்கள் போட்ட ஆட்டத்துக்கு அப்புறமும் நான் குடும்பம் நடத்தவில்லையா? அவள் ஆடும்போது எனக்கும் சேர்த்துப் பாருங்கள்.

வேலைக்கு நேரமாச்சு. கால்வலித் தைலம் அனுப்புங்கள். ஆடும்போது இருட்டில் வாளி தெரியவில்லை. மேனேஜர் நாற்காலி இன்னும் காய்ந்திருக்காது.