தொப்பி அணிந்து படித்தது

மார்ச் 3
பதிப்பாளர் மறுபடியும் கேட்டுவிட்டார். அறுநூறு பக்க வரலாற்று நூல். முழுவதையும் கணினித் திரையிலேயே படித்துத் திருத்தித் தரவேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்று மழுப்பினேன். திரையில் படித்தால் பத்தி முடிவதற்குள் அதன் தொடக்கம் மறந்துபோகிறது. திரையின் குற்றமா, என் மூளைதான் தேய்கிறதா? மனைவியிடம் இதைச் சொல்லவில்லை.

மார்ச் 5
மைத்துனியின் மகள் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். திரையில் படிக்கையில் மூளை எவ்வளவு சிரமப்படுகிறது என்பதை, நெற்றிக்குள் ஓடும் இரத்தத்தை ஒளியால் பார்த்து அளக்கிறார்களாம். முதியவர்கள் தேவையாம்.
“வலிக்காது பெரியப்பா. தொப்பியைப் போட்டுக்கிட்டுப் படிக்கணும், அவ்வளவுதான்.”
ஒப்புக்கொண்டேன். என் கேள்விக்கும் விடை கிடைக்குமே.

மார்ச் 6
முடி வெட்டிக்கொண்டேன். “மாப்பிள்ளை எங்க கிளம்புறாரு?” என்கிறாள் மனைவி.

மார்ச் 7
தொப்பி முழுக்கக் குட்டி விளக்குகள். “அசையாதீங்க பெரியப்பா, அசைஞ்சா அளவு கெட்டுடும்” என்றாள். சிலையாக உட்கார்ந்தேன். முடிந்ததும் வரைபடத்தைப் பார்த்துப் புருவம் சுருக்கினாள்.
“ஆரம்பத்துல நல்லா ஏறுது. அப்புறம் படுத்தே போச்சே... தூங்கிட்டீங்களா?”
இல்லை என்றேன். தூங்கியிருந்தால் தேவலாம் — விழித்திருக்கும்போதே மூளை படுத்துவிட்டதே! பதிப்பாளருக்கு என்ன பதில் சொல்வேன்?

மார்ச் 8
சோறு இறங்கவில்லை. மனைவி துருவித் துருவிக் கேட்டாள், கொட்டிவிட்டேன்.
“அப்படி என்னதான் படிச்சீங்க?”
ஒரு துறைமுகத்தின் பழுதான பாரந்தூக்கியைப் பற்றிய பக்கம். வரி பிசகாமல் ஒப்பித்தேன்.
“அப்புறம்?”
“அவ்வளவுதான். அதையேதான் திரும்பத் திரும்பப் படிச்சேன்.”
“ஏங்க?”
“அடுத்த பக்கம் வரணும்னா பொத்தானை அழுத்தணும். கை அசைஞ்சா அளவு கெட்டுடுமே!”
“வாயைத் திறந்து கேட்டா என்ன?”
“வாயும் அசையுமே.”
தலையில் அடித்துக்கொண்டு அவளே தொலைபேசியை எடுத்தாள். மறுமுனைச் சிரிப்பு அறை முழுக்கக் கேட்டது. “ஐயோ பெரியப்பா, விரல் அசையலாம்! படிச்சதையே படிச்சா எந்த மூளைதான் வேலை செய்யும்?”

மார்ச் 10
மீண்டும் தொப்பி. இம்முறை எல்லாப் பக்கங்களும். பொடிச் சாம்பல் எழுத்து வந்தால் கோடு மலையேறுகிறது; பெரிய கறுப்பு எழுத்தில் சிரமமில்லாத சமவெளி. “இது நோய் பாக்குற சோதனை இல்ல பெரியப்பா. ஆனா இங்க வந்த உங்க வயசுக்காரங்க முக்கால்வாசிப் பேருக்கு இப்படித்தான் வந்திருக்கு.”
அந்த முக்கால்வாசிப் பேரும் நன்றாக இருக்கட்டும்.

மார்ச் 14
எழுத்தைக் கறுப்பாக்கிப் பெரிதாக்கியதில் திரையில் ஒரு நேரத்துக்கு ஒன்பது வரிகளே தெரிகின்றன. “எதிர்வீட்டுக்காரங்களும் சேர்ந்து படிக்கலாம்” என்கிறாள் மனைவி. வரலாற்று நூலின் முதல் அத்தியாயத்தில் இறந்த அரசர் நான்காம் அத்தியாயத்தில் மறுபடியும் இறக்கிறார். பதிப்பாளரை நானே அழைத்து, எந்தச் சாவை வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டேன்.