படாளத்தில் கிடைத்த சம்மதம்

மாசி 9, ஞாயிறு

இன்று என் வீட்டுக்காரர் ஜெயித்துவிட்டார். இதை எழுதாமல் எனக்குத் தூக்கம் வராது.

சிப்பிப்பாறை நாய்க்குட்டி வாங்கலாமா என்று பார்க்கப் படாளம் போனோம். ஏற்கெனவே இரண்டு இடங்களில் குட்டியின் தாயைக் காட்ட மறுத்ததால் வேண்டாமென்று திரும்பியிருந்தோம். இங்கே நாய் வளர்க்கும் செல்வி, நான் கேட்பதற்கு முன்பே தாயை அவிழ்த்துவிட்டாள். இவர் சட்டென்று என் பின்னால் ஒதுங்கினார். பத்து வயதில் தொடையில் கடி வாங்கியவர்.

செல்வி அதைப் பார்த்துவிட்டாள். "சார் பயப்படுறாரேக்கா. பயந்துகினு வளத்தா நாயும் கெட்டுப்பூடும். நான் குட்டி தர மாட்டேன்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. வண்டிச் சாவியை எடுத்தேன். இவர் நகரவில்லை.

"என்ன செய்யணும், சொல்லும்மா" என்றார்.

"கீழ குந்துங்க சார். கைய நீட்டிக்கினு சும்மா இருங்க. அதுவா வரும்."

மண்ணில் உட்கார்ந்தார். கையை நீட்டினார். தாய் நாய் வந்து மோந்தது, பிறகு நக்கியது. சட்டை முழுக்க வியர்த்தும் இவர் கையை இழுக்கவில்லை. கடைசியில் அது அவர் முழங்காலில் தாடையை வைத்துக் கண்ணை மூடியது.

செல்வி சிரித்தாள். "உங்களுக்கு இல்லக்கா, சாருக்குத்தான் குட்டி. பால்குடி மறக்கட்டும், மூணு வாரம் கயிச்சு வாங்க."

நான் இரவு ஷிஃப்டுக்குப் போகும் நாட்களில் இவர் தனியாக நாயோடு... அதை நாளைக்கு யோசிக்கலாம். இப்போது பக்கத்தில் படுத்துக்கொண்டு, "மல்லின்னு வைக்கலாமா?" என்கிறார். பதினெட்டு வருஷமாக நாயே வேண்டாம் என்ற மனிதர் சொல்லும் மூன்றாவது பெயர் இது.