நட்சத்திரத்துக்கு முன்னால் ஒரு நெளிகோடு

அன்பு மகளுக்கு, இங்கே நானும் அப்பாவும் உருப்படியாக இருக்கிறோம், நீயும் அங்கே அப்படித்தான் இருப்பாய் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது, வாய் மட்டும் குறையவில்லை.

போனில் உன்னிடம் பாதிதான் சொன்னேன், மீதியைக் கேள். எங்கள் பல் ஆஸ்பத்திரி முன்மேஜையில் உட்கார்ந்து, கம்ப்யூட்டர் பட்டியலில் வந்துபோனவர் பேருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போடுவேன், மாதக் கடைசியில் ஒவ்வொன்றாக அழிப்பேன். இந்தத் தடவை சோம்பல், நட்சத்திரத்தைத் தேடி எடுத்துவிடு என்று கம்ப்யூட்டரிடமே சொன்னேன். நட்சத்திரத்தைத் துடைக்கப் போய் வானத்தையே துடைத்துவிட்டேன், முந்நூறு பேரும் போன் நம்பரோடு மாயம். பின்னால் நின்ற மேனேஜர் கையை நீட்டி ஏதோ பட்டனைத் தட்டி எல்லாரையும் மீட்டுவிட்டார், ஆனால் திங்கட்கிழமையிலிருந்து பின்னறையில் ஃபைல் அடுக்குங்கள், இது உங்களுக்கு ஒத்துவராது என்றார். அதைக் கேட்டுத்தான் நீ, வேலையை விட்டுவிட்டு என்னோடு வந்து இரும்மா என்றாய்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டதடி. கீபோர்டின் இடது மூலையில் ஒரு நெளிகோடு இருக்கிறதே, பதினோரு வருஷமாக அதைத் துணியால் துடைத்திருக்கிறேனே தவிர தட்டியதில்லை, உன் பெரியப்பா கல்யாண வீட்டில் உட்கார்ந்திருப்பது போல சும்மா இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்றுதான் நினைத்தேன். மூன்று நாள் சாப்பாட்டு நேரத்தில் உதவிப் பக்கத்தைப் படித்தேன். தேடும்போது வெறும் நட்சத்திரம் போட்டால் எதுவானாலும் சரி என்று அர்த்தமாம், அதுதான் எல்லாரையும் வாரிச் சுருட்டியது. அதற்கு முன்னால் நெளிகோட்டைப் போட்டால், நட்சத்திரத்தைத்தான் சொல்கிறேன், வேறு எதையும் தொடாதே என்று அர்த்தம்.

சனிக்கிழமை மேனேஜரைப் பக்கத்தில் உட்காரவைத்து, வேண்டுமென்றே வெறும் நட்சத்திரத்தைத் தட்டிவிட்டு, அழிக்கச் சொல்லப் போகிறவள் போல விரலைத் தூக்கினேன், மனுஷன் ஐயோ அம்மா என்று நாற்காலியோடு பின்னால் உருண்டார். அப்புறம் நெளிகோட்டையும் சேர்த்துத் தட்டினேன். குறிகள் மட்டும் போயின, முந்நூறு பேரும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். அவர் நாற்காலியை மறுபடி இழுத்துப் போட்டுக்கொண்டு, இதைப் பேப்பரில் எழுதி ஒட்டிவையுங்கள், எனக்கும் தெரியாது என்றார். பின்னறைப் பேச்சு அத்தோடு சரி.

அதனால் வேலையை விட்டுவிட்டு வர மாட்டேன் கண்ணு. பத்து நாள் லீவில் வருவேன். லீவு லெட்டரை நானே டைப் அடித்தேன், மேனேஜர் கையெழுத்துப் போட்டுவிட்டு, பதினோராம் நாள் கட்டாயம் வந்துவிடுங்கள் என்று கெஞ்சல் வேறு.

நல்ல உடம்போடும் நிறைந்த மனசோடும் இரு. வீட்டுச் சாவியைக் கதவிலேயே விட்டுப் போகாதே.

இப்படிக்கு,
முன்மேஜையை விட்டு நகராத
உன் அம்மா