படம் மட்டும் எடுக்கிறவளுக்கு

அன்புள்ள ஹிஸ்கே,

மாஸ்ட்ரிக்ட்டில் நீ சுகமாக இருப்பாய். இங்கே மாடுகளும் நானும் நலம், உன் அப்பாவையும் அதோடு சேர்த்து எழுத எனக்குக் கை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என் போனை நீ எடுப்பதில்லை, அதனால் அங்கே லாரி ஓட்டி வரும் வீபேயிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பரீட்சைக்கு முன் இதய ஸ்கேன் செய்து பழக ஆள் வேண்டும் என்றாய், உன் அப்பா பால் கறந்த கையோடு ரயிலேறி வந்து சட்டையைக் கழற்றிப் படுத்தார். நெஞ்சில் ஜெல் தடவும்வரை தொணதொணத்தவள், ஓரிடத்தில் கப்பென்று வாயை மூடிக்கொண்டாய். அதே வால்வைத் திரும்பத் திரும்ப அளந்தாய். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கென்ன கண் இல்லையா? கடைசியில், படம் நன்றாக வந்திருக்கிறது என்று சிரித்தாயே, அதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நீ எடுத்த படத்தைப் பார்த்த டாக்டர் வரச் சொல்கிறார் என்று இப்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தால், அதெல்லாம் வேண்டாம் என்று வைத்துவிட்டார். நான் கெஞ்சினால் என்ன சொல்கிறார் தெரியுமா? "நம்ம பொண்ணே அரை மணி நேரம் பாத்தா. ஏதாச்சும் இருந்தா சொல்லியிருக்க மாட்டாளா?" கால்வாய் உறைந்துவிட்டது, சனிக்கிழமை அந்தப் பனிக்கட்டி மேலேயே சுற்றுவட்டாரத்துப் பதினொரு கிராமத்தையும் சறுக்கிச் சுற்றப் போகிறாராம், சறுக்குக் காலணியின் கத்தியைத் தீட்டிக்கொண்டிருக்கிறார். கடைசியாக நீ போனை எடுத்தபோது கேட்டதற்கு, நாங்கள் படம்தான் எடுப்போம், டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்று பாடம் ஒப்பித்தாய். சரி, அவர் சறுக்கப் போகலாமா என்றேன். அழுதாய். அதைச் சொன்னாலும் பரீட்சை பயம் என்கிறார்.

ஊரார் இதயத்துக்கு உன் சட்டம் சரிதான், வேலைக்குப் போனாலும் அப்படியே இரு. பண்ணையைப் பார்க்கட்டும் என்றவரிடம் மல்லுக்கு நின்று உன்னை இந்தப் படிப்புக்கு அனுப்பியவளே நான். ஆனால் வீட்டிலும் உனக்கு வெள்ளைக் கோட்டா? பெற்றவனுக்கு முன்னால் என்னடி சட்டம்? நோயின் பெயரை நீ சொல்ல வேண்டாம், அதை டாக்டர் சொல்லட்டும். "அப்பா, பாத்ததும் நான் பயந்துட்டேன்" என்று மட்டும் அவர் முகத்தைப் பார்த்துச் சொல். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். நான் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதவர், நீ சொன்னால் கேட்பார்.

கோபம் தீரவில்லை, ஆனாலும் கடவுள் உன்னைக் கைவிடாமல் இருக்கட்டும். கையுறை போட்டுக்கொள், இங்கே குளிர் கடிக்கிறது. வெள்ளி மாலைக்குள் வந்துவிடு. சனிக்கிழமை விடிந்தால் அவர் வீட்டில் இருக்க மாட்டார்.

உன் அம்மா,
தெட்ஸ்கே