ஓதெத்தின் முக்காலி

மொந்த்ரியாலில் இருக்கும் மகன் ரெஷானுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கடவுள் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அப்பாவுக்கு இருமல் மட்டும் விட்டபாடில்லை, ஆனாலும் படகுக்குச் சாயம் அடிக்கக் கிளம்பிவிடுகிறார். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்றுதான் எனக்குக் கவலை. என் விரல்கள் பேனாவைப் பிடிக்க மறுப்பதால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை மாயெலி எழுதுகிறாள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டாள் என்று வருத்தப்பட்டாயே, கையெழுத்தைப் பார். அண்ணனிடம் போனில் நாலு வார்த்தை பேசடி என்றால் மாடிக்கு ஓடிவிடுகிறாள். எனக்கும் போன் சரிப்படாது, நீ நடுவில் புகுந்து பேசுவாய், அதனால்தான் கடிதம்.

கெட்டுப்போகும் பழைய டிவி நாடாக்களில் எந்தத் தொடர்களைக் காப்பாற்றுவது என்று வெள்ளிக்கிழமை உங்கள் ஆவணக் காப்பகத்தில் கூட்டம் என்றாய். ‘ஆறாம் மேசை’ தொடரைச் சேர்க்கப்போவதில்லை என்றும், அம்மாவுக்கு நினைவாக இருக்கட்டும் என்று கடைசிப் பகுதியை மட்டும் அனுப்புவதாகவும் சொன்னாய். மீன் வெட்டும் பெண்களைப் பற்றிய அழுமூஞ்சி நாடகம், கதாநாயகி பணிந்துபோகிறாள், பத்திரிகைகள் அன்றைக்கே கழித்துக்கட்டியது சரிதான் என்பது உன் எண்ணம். நான் பார்த்துவிட்டேன். என் எண்ணத்தையும் கேள்.

நீ என் வயிற்றில் இருந்த வருடம் அது ஓடியது. எங்கள் ஊர் மீன் ஆலையில் நாள் முழுக்க நின்றபடியே காட் மீன் வெட்டுவோம், உட்காரக்கூடாது என்பது சூப்பர்வைசர் ஒவிலாவின் சட்டம். நாடகத்தில் ஓதெத்தும் எங்களைப் போல மீன் வெட்டுகிறவள். கடைசிப் பகுதியில் கால் வீங்கிப்போய், வீட்டிலிருந்து ஒரு முக்காலியைக் கொண்டுவந்து மேசையருகே போட்டு உட்கார்ந்தாள். அவளுடைய சூப்பர்வைசர் அவளை நோக்கி நடந்து வந்தான். சரியாக அந்த இடத்தில், புயலில் எங்கள் ஊருக்கே கரண்ட் போய்விட்டது. விறகடுப்பு இருந்த லூசியென் வீட்டில் எங்கள் மேசைப் பெண்கள் எல்லோரும் குளிர்காயக் கூடினோம், ஓதெத் என்ன செய்திருப்பாள் என்று ஒரே சண்டை. “எழுந்திருக்கவே மாட்டா, பந்தயம் கட்டறேன்” என்றாள் லூசியென். “வாய் மட்டும் கிழியுது, நாளைக்கு நீ உக்காருவியாடி?” என்று நான் சீண்டினேன். “உன் வயித்தப் பாத்துட்டுப் பேசு, உனக்கும் சேத்து நானே தூக்கிட்டு வர்றேன்” என்றாள். காலையில் அத்தனை பேரும் ஆளுக்கொரு முக்காலியோடு போய்விட்டோம். “இதென்ன ஆலையா, கல்யாண வீடா?” என்று ஒவிலா கத்தினார். “கல்யாண வீடுதான், மாப்பிள்ளை வந்து உக்காருங்க” என்றாள் லூசியென். யாரும் எழவில்லை, மீன் குவிந்துகொண்டே போனது, மதியத்துக்குள் முதலாளி இறங்கி வந்தார். அன்றிலிருந்து உட்கார்ந்துதான் வேலை. அந்த நாடகத்தை யாரும் மறுபடி போடவில்லை, ஜெயித்துவிட்டதால் முடிவு என்ன என்று நாங்களும் கேட்கவில்லை. இப்போது நண்டு பிரிக்கிற பெண்களுக்கு ஓதெத் யாரென்றே தெரியாது, ஆனால் ஆலையில் முக்காலிக்குப் பெயரே ‘ஓதெத்’ தான். “என் ஓதெத்த எவடி எடுத்தது?” என்று அங்கே மாயெலியோடு வேலைபார்க்கிற கூட்டாளிகள் கத்துவதை நீ வந்து கேட்க வேண்டும்.

ஞாயிறு பூசை முடிந்ததும் லூசியெனையும் மற்றவர்களையும் கூப்பிட்டு, நீ அனுப்பியதைப் போட்டேன். ஓதெத் எழுந்துவிட்டாள். மன்னிப்புக் கேட்டாள், முக்காலியைத் தூக்கிக்கொண்டு பனியில் நடந்து போனாள், அவ்வளவுதான். எனக்கு ஏமாந்துபோன மாதிரி இருந்தது. “நல்லவேளை கரண்ட் போச்சு, இதப் பாத்திருந்தா நான் வீட்டுலயே கெடந்திருப்பேன்” என்றாள் லூசியென், எல்லோரும் சிரித்துவிட்டோம். மனசு கேட்காமல் மறுபடி போட்டேன். அப்போதுதான் மேசையில் இருந்த மற்றப் பெண்களைக் கவனித்தேன். ஓதெத் வெளியே போகும்வரை கேமரா அவர்கள் முகத்தைத்தான் ஒவ்வொன்றாகக் காட்டுகிறது, ஒருத்தியும் நிமிரவில்லை, கத்திகள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அது ஓதெத் பணிந்துபோன கதை இல்லை ரெஷான், அவளைத் தனியாக விட்ட மேசையின் கதை. எழுதினவருக்கு அது தெரிந்திருக்கிறது, பத்திரிகைக்காரர்களுக்குத்தான் தெரியவில்லை. எங்களில் ஒருத்தி மட்டும் முக்காலியோடு போயிருந்தால் எங்களுக்கும் அதே முடிவுதான்.

அதனால் அந்த முடிவைக் காட்டி நாடகத்தைத் தள்ளிவிடாதே, முழுசாகக் காப்பாற்றச் சொல். கூட்டத்தில் உனக்கு மேலே இருப்பவர்கள் சிரிப்பார்கள், நீ வாயை மூடிக்கொண்டு வந்துவிடுவாய், எனக்குத் தெரியாதா. நீ தனியாகப் பேச வேண்டாம். அவர்கள் முன்னால் இந்தக் கடிதத்தை வாசி, கீழே எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம், லூசியென் அழுத்திப் போட்டதில் தாளே கிழிந்துவிட்டது.

புனித அன்னம்மாள் உனக்குத் துணையிருப்பாள். கம்பளிக் காலுறையை மறக்காமல் போட்டுக்கொள், கூட்டத்துக்கு வெறும் வயிற்றோடு போகாதே.

உன் அம்மா ஃபெர்னாந்த்,
லூசியென்,
எங்கள் மேசைப் பெண்கள் எல்லோரும்