நாலு மணி வெயிலும் பூனைக் கடையும்

அன்பு அக்கா,

உன்மேல் எனக்குக் கோபம். செத்துப்போனவர்கள்மேல் கோபப்படக் கூடாது என்கிறார் மாமா. அவர் உன் கணவர், அப்படித்தான் சொல்வார். எனக்கு அந்தப் பெருந்தன்மை வரவில்லை. ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம் நீ.

கடைசியாக நீ செய்த பூனைக் கடையைப் பற்றித்தான் சொல்கிறேன். பிஸ்கட் டின்னுக்குள் பரோட்டா மாதிரி ரொட்டி சானாய் விற்கும் ஒரு கடை. முதலாளிப் பூனை கையைத் தூக்கித் தே தாரிக் டீயை நுரைக்க ஆற்றுகிறது. சாப்பிட வந்த எலி, குவளையில் பூனை முடி கிடப்பதாகப் புகார் சொல்கிறது. விரல் நகம் அளவு ஸ்டூல்கள். எல்லாமே ரொட்டித் துண்டையும் பசையையும் பிசைந்து செய்தவை. அந்த எலியின் முகத்தில் இருக்கும் கோபம் என்னைப் பார்த்துச் செய்தது என்று எனக்குத் தெரியாதா?

இதற்கு முன் பதினோரு டின்கள். நீ செய்வாய். நான் ஸ்கூடாயிலிருந்து சிம்பாங் ரெங்கத்தில் இருக்கும் உன் வீட்டுக்கு வந்து படம் பிடிப்பேன். பிறகு டேப்லட்டில் வாரக்கணக்கில் அதன்மேல் வண்ணம் தீட்டி, பழைய எண்ணெய் ஓவியம்போல மாற்றுவேன். பார்த்தவர்கள் எல்லாரும் வெளிச்சத்தைத்தான் புகழ்ந்தார்கள். நானும் வெட்கமில்லாமல் தலையாட்டினேன்.

பன்னிரண்டாவது இந்தப் பூனைக் கடை. நீ போன பிறகு டின்னை என் அறைக்குக் கொண்டுவந்து, இரண்டு விளக்கு வைத்துப் படமெடுத்தேன். தரையெங்கும் பழுப்புக் கறை. பூசணம் என்று நினைத்து டேப்லட்டில் ஒவ்வொன்றாக அழித்தேன். மூன்று வாரம், அக்கா. அழிக்க அழிக்கப் பூனை தரையில் நிற்காமல் மிதந்தது. கூட வேலை செய்பவரிடம் காட்டினால், "கம்ப்யூட்டரே வரஞ்சதா? அழகாத்தான் இருக்கு, ஆனா உயிர் இல்ல லா" என்கிறார். அன்றைக்கு டேப்லட்டைத் தூக்கிப் போட்டு உடைத்திருப்பேன்.

எரிச்சலில், டின்னையே சுத்தம் செய்துவிடலாம் என்று பஞ்சை நனைத்து எலியின் காலடியில் இருந்த கறையைத் துடைத்தேன். சுலபமாக வந்துவிட்டது. பஞ்சில் பழுப்புச் சாயம். பூசணம் இப்படிச் சாயம் விடாதே என்று அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

மாமாவிடம் போனில் புலம்பினேன்.

"அடப்பாவி, அதைப் போயா தொடச்ச? அது நெழல்டா. அவ வரஞ்சது."

"நெழலா?"

"நாலு மணிக்குச் சன்னல்ல வச்சி, நெழல் எங்க விழுதோ அங்க பென்சில்ல கோடு போட்டுக்குவா. அப்புறம் பெயிண்ட். சின்னச் சாமானுக்கு வெயில் குடுக்கற நெழல் பத்தாதுன்னு சொல்வா. உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

எனக்கு எப்படித் தெரியும்? "ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வாடா, லேட் பண்ணாத" என்பாய். டீக்குக் கூப்பிடுகிறாய் என்றே நினைத்தேன். ஹைவே டிராஃபிக் ஜேமில் உன்னைத் திட்டிக்கொண்டே வருவேன். வந்ததும், "மொதல்ல படம் எடு, அப்புறந்தான் டீ" என்று டின்னை நீயே சன்னலில் வைத்து, என் தாமதத்துக்கு ஏற்ப அரை அங்குலம் திருப்புவாய். நீ வரைந்த நிழலும் வெயிலின் நிழலும் ஒன்றாகப் படுத்துவிடும். நான் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு, வெளிச்சம் என் கைவண்ணம் என்று திரிந்தேன். நீ ஏன் ஒருமுறைகூட வாய் திறக்கவில்லை? மற்றவர்கள் என்னைப் புகழ்ந்தபோதெல்லாம் பக்கத்தில் நின்று சிரித்தாயே, அது எதற்கு?

இப்போது உன் சன்னலருகில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இது மூன்றாவது ஞாயிறு. மூன்று முறையும் மூன்றரைக்கே மழை பிடித்துக்கொண்டது. முதலாளிப் பூனையின் இடது காதில் இப்போது உண்மையான பூசணம், பச்சையாக. இன்னும் எத்தனை ஞாயிறு தாங்கும்? மாமா எட்டிப் பார்த்து, "டீ போடவா?" என்றார். "இன்னும் படம் எடுக்கலையே மாமா" என்றேன். அவர் உள்ளே போய்விட்டார்.

இந்த மழை வெளிச்சத்திலேயே எடுத்துவிட்டு, வெயிலை டேப்லட்டில் வரைந்துவிடலாம். எனக்கு அரை மணி நேர வேலை. அதுதான் இன்னும் கடுப்பாக இருக்கிறது. செய்யத் தெரிகிறது, கை போக மாட்டேன் என்கிறது.

சரி, கேள். வெயில் வரும்வரை ஒவ்வொரு ஞாயிறும் நாலு மணிக்கு முன்பே வந்துவிடுவேன். காது உதிர்ந்தால் உதிர்ந்த காதோடு எடுப்பேன். நான் துடைத்த நிழலை வரைந்து மறைக்க மாட்டேன். அந்த எலி மட்டும் வெயில் கொடுக்கும் மெல்லிய நிழலோடு உட்கார்ந்திருக்கட்டும், என் புத்திக்கு அடையாளமாக. பன்னிரண்டு படங்களின் கீழும் 'ஒளி: சரோஜா' என்று உன் பெயர்தான் முதலில் வரும். என் பெயர் அதற்குக் கீழே.

அதுவரை உன் வீட்டில் டீ குடிக்க மாட்டேன்.

நீ இருந்தவரை நாலு மணிக்கு ஒருநாளும் நேரத்தோடு வராத
உன் தம்பி,
குமரன்